கடைசிப் பெட்டி வரும் வரை

நாங்கள் திருச்சிக்குப் போனது மாப்பிள்ளை பார்க்க. வழக்கமாக அவர்கள்தான் பெண் பார்க்க வருவார்கள். கோத்தகிரிக்கு ஏறி வந்து போக மாப்பிள்ளைக்கு விடுப்பு கிடைக்கவில்லை என்பதால், ஸ்ரீரங்கத்தில் சித்தி வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சந்திப்பது என்று பெரியவர்கள் பேசி வைத்திருந்தார்கள். நான் ஒரு நிபந்தனை போட்டேன். மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்னால் அவருடைய வேலையைப் பார்க்க வேண்டும். அதனால் அம்மாவும் நானும் வியாழக்கிழமையே மலையிறங்கிவிட்டோம்.

நிபந்தனைக்குக் காரணம் சித்தி போனில் சொன்ன வேலை விவரம். "ரயில்வேயில கார்டு, தேனு. கூட்ஸ் வண்டியில கடைசிப் பெட்டியில உக்காந்து போவாராம். முக்காவாசி கரி வண்டிதான்."

தேயிலைக் காட்டில் நின்றே வாழ்நாளைக் கழித்த அம்மா பக்கத்திலிருந்து கேட்டுவிட்டு, "உக்காந்து போறதுக்கா சம்பளம் குடுக்கிறாங்க?" என்றாள்.

அப்பாவோ, "படிச்சவ நீ. நீயே பாத்துட்டு வந்து சொல்லு" என்று விட்டுவிட்டார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். இன்று ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்துகிறேன். வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும் என் கைக்குத்தான் வரும். கல்யாணமும் அப்படியே வந்து சேர்ந்தது. இதற்கு முன் வந்த ஒருவர், வேலையை எப்போது விடுவீர்கள் என்று கேட்டார். காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பச் சொன்னேன். இப்போது சரி என்றால், மலையை விட்டு இறங்கி, சமவெளியில் வேறு பள்ளிக்கூடம் தேடி, எப்போது வீடு திரும்புவார் என்று அவருக்கே தெரியாத ஒரு மனிதரோடு வாழ வேண்டும். வேண்டாம் என்றால் அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். இரண்டில் ஒன்றை ஞாயிற்றுக்கிழமை சொல்லியாக வேண்டும்.

சத்திரம் பஸ் நிலையத்தில் இறங்கியதும் வெயில் தோளில் கை போட்டுக்கொண்டது. அம்மா ஒரு டீ வாங்கிக் குடித்துவிட்டு, யாருக்கோ துக்கம் கேட்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டாள். "இந்த இலையைப் பறிக்க எவ்வளவு பாடு. இங்க கொண்டாந்து கொதிக்க வச்சே கொன்னுப்புட்டாங்க." அதற்குப் பிறகு திருச்சியில் நாங்கள் காபிதான் குடித்தோம். காபியைப் பற்றி அம்மாவுக்குக் குறையில்லை.

ஸ்ரீரங்கம் போகும் டவுன் பஸ் காவிரிப் பாலத்தில் ஊர்ந்தபோதுதான் முதல் கரி வண்டியைப் பார்த்தோம். சற்றுத் தள்ளி ரயில் பாலத்தில் கறுப்பாக ஒரு வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. எஞ்சின் அக்கரை மரங்களுக்குள் மறைந்த பிறகும் இக்கரையிலிருந்து பெட்டிகள் வந்துகொண்டே இருந்தன. எங்கள் பக்கத்து மலை ரயில் முழுவதையும் இதன் ஒரு மூலையில் வைத்துவிடலாம்.

அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "ஏத்துறது சரி, மேலேருந்து கொட்டிருவாங்க. எறக்குறது எப்படி? இம்புட்டையும் உள்ள எறங்கியா அள்ளுவாங்க?"

பறித்த இலையைச் சாக்கில் கட்டி, எடை போட்டு, கொட்டி வாழ்ந்தவளுக்கு அந்தக் கேள்விதான் முதலில் வரும்.

அன்று சாயங்காலம், சித்தி கொடுத்த எண்ணுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். "நான் தேன்மொழி. ஒரு சந்தேகம். கரியை எப்படி இறக்குவார்கள்?" மாப்பிள்ளைக்கு அனுப்பும் முதல் செய்தி இப்படி இருக்கலாமா என்று சித்தி தலையில் அடித்துக்கொண்டாள். நாங்கள் இரவுச் சாப்பாட்டை முடித்த பிறகுதான் போன் வந்தது.

"கதிர் பேசறேங்க. மன்னிச்சுக்கோங்க, வண்டி ஓடறப்ப போனைத் தொடக் கூடாது. இப்ப தஞ்சாவூர் தாண்டி ஓரத் தண்டவாளத்துல போட்டிருக்காங்க. பாசஞ்சர் வண்டி போற வரைக்கும் நாங்க ஒதுங்கி நிக்கணும்." பின்னால் தவளைகள் கத்தின. "கரியை எறக்கறது... உண்மையைச் சொல்லணும்னா எனக்குத் தெரியாதுங்க. ஆலை வாசல் வரைக்கும்தான் நாங்க. வண்டியை ஒப்படைச்சுட்டுத் திரும்பிடுவோம். உள்ள என்ன பண்றாங்கன்னு நான் பாத்ததே இல்ல."

"இத்தனை நாளா ஓட்டறீங்க, ஒரு நாள்கூடக் கேக்கணும்னு தோணலையா?"

"நீங்க கேட்டதுக்கப்புறம்தான் தோணுது" என்று சிரித்தார். அடுத்த வார்த்தை வருவதற்குள், "சிக்னல் விழுந்துடுச்சு, வண்டி கெளம்பணும், வைக்கிறேங்க" என்று வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை கோயிலுக்குப் போனோம். வரிசை வளைந்து வளைந்து நகர்ந்தது. பெருமாள் முன் வந்து நின்ற நொடியில் "நகருங்கோ, நகருங்கோ" என்று ஒரு குரல். நான் முகத்தைப் பார்த்தேன்; குள்ளமான அம்மா எட்டிப் பார்த்தும் பாதம் மட்டுமே தெரிந்ததாம். "பாதம் போதும்டி, அதுக்குத்தான் வந்தோம்" என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். பிரசாதக் கடையில் புளியோதரை வாங்கினோம். மிளகு தூக்கலாக, எண்ணெய் மினுங்க, ஆறினாலும் ருசி குறையாத சோறு. அதைக் கையில் பிடித்துக்கொண்டே சித்தியோடு ரயில் நிலையத்துக்கு நடந்தோம்.

ஸ்ரீரங்கம் நிலையத்தில் நடைமேம்பாலம்தான் என் வகுப்பறை. மேலே நின்றால் பெட்டிகளின் தலை தெரியும். மூடி கிடையாது. கரி குவிந்து, அதன் மேல் வெள்ளைச் சுண்ணாம்பு தெளித்திருந்தது. நடுவழியில் யாராவது அள்ளினால் வெள்ளையில் ஓட்டை விழுந்து காட்டிக்கொடுத்துவிடும். கீழே இறங்கிப் பிளாட்பாரத்தில் நின்றால் சக்கரங்களுக்கு மேலுள்ள சுருள்வில்கள் தெரியும். சரக்கு ஏற்றிய பெட்டியில் வில் அழுந்தி, சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டுகிற அளவுக்கு நெருங்கியிருக்கும். காலிப் பெட்டியில் வில் விரிந்திருக்கும். வண்டி தகரடப்பா மாதிரி சத்தம் போட்டுக்கொண்டு துள்ளும். என் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் சுருள்வில் விதியை எத்தனை முறை வரைந்திருப்பேன்! அது இரும்பில் என் முன்னால் ஓடுவதைப் பார்க்கக் கை துறுதுறுத்தது.

இன்னொன்றும் கவனித்தேன். கரி வண்டி நிற்காமல் போகும்போது நிலைய அதிகாரி தன் அறையிலிருந்து வந்து பச்சைக் கொடியோடு நின்றார். அதே நேரத்தில் வண்டிக்கு அந்தப் பக்கம் இன்னொருவர் கொடியோடு நின்றார். இருவரும் ஒவ்வொரு பெட்டியையும் மேலிருந்து கீழ்வரை பார்த்தார்கள். பேன் பார்ப்பதுபோல அவ்வளவு பொறுமை.

விழுப்புரம் வண்டிக்குக் காத்திருந்த ஒரு மாமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "பெருமாளைச் சேவிச்சாச்சோ?"

"ஆச்சுங்க."

"ஊர் ஊரா வரவா எல்லாரும் கோபுரத்தை அண்ணாந்து பாக்கறா. நீ என்னடான்னா கரியை இப்படிச் சேவிச்சுண்டு நிக்கறே!"

"மாப்பிள்ளை பாக்க வந்திருக்காங்க மாமி" என்று சித்தி போட்டு உடைத்தாள்.

மாமி தண்டவாளத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதுலேயா வரார்?" என்றார்.

அன்று மாலை போனில், இப்படி இருபக்கமும் நின்று பார்ப்பதற்குக் கதிர் காரணம் சொன்னார். ஓடுகிற வண்டியில் எது தொங்கினாலும், எந்த அச்சு சூடாகிப் புகைந்தாலும் உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாது. வெளியே நிற்பவர்களுக்குத்தான் தெரியும். அதனால் இரண்டு பக்கமும் ஆள் நின்று பார்த்து, 'என் பக்கம் சரி' என்று கொடி காட்ட வேண்டும். கடைசிப் பெட்டியிலிருந்து கார்டு அதை வாங்கிக்கொண்டு பதில் கொடி காட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சரியாக இருந்தால் போதாது.

"அப்ப மத்த நேரம் சும்மாதான் உக்காந்திருப்பீங்களா? எங்கம்மா கேக்கறாங்க."

"அம்மா கேட்டது நியாயம்தான்" என்று சிரித்தார். "எங்க பெட்டியில ஒரு காற்று மீட்டர் இருக்குங்க. எஞ்சின்லேருந்து வர்ற காற்று பெட்டிக்குப் பெட்டி குழாய் வழியா கடைசி வரைக்கும் வரணும். காற்று இருக்கிற வரைக்கும் பிரேக் விட்டிருக்கும். எங்கேயாவது குழாய் அறுந்து காற்று போச்சுன்னா, எல்லாச் சக்கரமும் தானாப் பிடிச்சுக்கும். எம் மீட்டர்ல முள்ளு நேரா நிக்குதுன்னா வண்டி முழுசா எம் முன்னால இருக்குன்னு அர்த்தம்."

இதைக் கேட்டு நான் உண்மையிலேயே எழுந்து நின்றுவிட்டேன். பிரேக் பிடிப்பதற்குக் காற்று வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன்; விடுவதற்குத்தான் காற்று! எங்கள் மலை ரயிலில் பெட்டிக்கு ஒருவர் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு முகப்பில் நிற்பார். இங்கே இவ்வளவு நீள வண்டிக்கும் காற்றே ஆளாக நிற்கிறது. அதை அப்படியே அவரிடம் சொன்னேன். "பெட்டிக்கு ஒருத்தரா! அவங்களுக்குப் பேச்சுத்துணை இருக்கு. குடுத்து வச்சவங்க" என்றார். அதற்குள் சிக்னல் விழுந்துவிட்டது.

அம்மாவின் கேள்வி பாக்கி இருந்தது. சித்தியின் பழைய பக்கத்து வீட்டுக்காரர் ராணி அக்கா அரியமங்கலத்தில் லேத் பட்டறை வைத்திருப்பவர். இந்தக் கரி போய்ச் சேரும் சிமெண்டு ஆலைகளுக்கு உதிரி பாகம் கடைந்து கொடுக்கிறவர். சனிக்கிழமை அவரைப் பார்க்கத் தனியாகக் கிளம்பினேன். படித்தவள் என்ற தெம்பில் யாரிடமும் கேட்காமல் பஸ் ஏறி, தில்லை நகரில் ஒரு பல் மருத்துவமனை வாசலில் இறங்கினேன். கண்டக்டர், "போர்டு படிக்கலையாம்மா?" என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. படிக்கத்தான் செய்தேன், படித்துக்கொண்டிருந்தது கதிர் அனுப்பிய செய்தியை. மறுபடி சத்திரம் வந்து, வேறு பஸ் பிடித்து, இரும்புத் தூளும் எண்ணெயும் மணக்கும் அந்தத் தெருவைக் கண்டுபிடித்தேன்.

ராணி அக்கா சுடிதார் மேல் ஆண்பிள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ஓர் எஃகு உருளையை அளந்துகொண்டிருந்தார். கேள்வியைக் கேட்டதும் அவருக்கும் உற்சாகம் வந்துவிட்டது. "ரெண்டு தினுசு இருக்கும்மா. ஒண்ணுக்கு வயித்துல கதவு. குழி மேல வண்டி மெதுவா போறப்ப காத்து அடிச்சுக் கதவைத் தொறப்பாங்க, கரி தானா கொட்டிரும். இன்னொண்ணுக்குக் கீழ கதவே கிடையாது. அதை எப்படி எறக்குவாங்கன்னு சொல்லு பாப்போம்?"

"கவிழ்த்தாத்தான் உண்டு."

"சரியாச் சொன்னே! நீ வீட்ல இட்லி எடுக்கிறதில்ல? துணியோட தட்டைப் பிடிச்சுக் கவுக்கிற மாதிரிதான். பெட்டியைத் தனியாக் கழட்டி மேடையில தள்ளுவாங்க. தண்டவாளம், பெட்டி, சக்கரம் எல்லாத்தையும் சேத்துப் பெரிய கை ஒண்ணு மேலேருந்து அமுக்கிப் பிடிச்சுக்கும். அப்படியே சுத்திக் கவுத்து, காலியாக்கித் திருப்பி வச்சிரும். இந்தா, அந்தக் கையோட மூட்டுக்குத்தான் இந்த உருளை." என் உள்ளங்கையில் வைத்தார். கனத்தில் கை இறங்கிவிட்டது.

அன்று ராத்திரி இதை நான்தான் கதிருக்குச் சொன்னேன். அவர் குறுக்கே பேசவே இல்லை. முடித்ததும், "வண்டி முழுக்க இட்லியாங்க!" என்றார். "நான் எங்க எஞ்சின் டிரைவருக்கு இதைச் சொல்லணும். அவருக்கும் தெரியாது." அம்மாவுக்கும் பதில் திருப்தியாக இருந்தது. "அதானே, அள்ளி மாளாதே" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை சித்தி சொஜ்ஜி கிண்டினாள். வாழைக்காய் பஜ்ஜி மாவு கரைத்து வைத்தாள். கதிரின் அம்மா பட்டுப் புடவையில் வந்தார். கூடவே அவருடைய அண்ணன், அதாவது கதிரின் மாமா, கஞ்சி போட்ட வேட்டியும் உரத்த குரலுமாக. கதிர் மட்டும் வரவில்லை. முந்தின நாளே முடிந்திருக்க வேண்டிய வண்டி வழியெல்லாம் ஒதுங்கி நின்று, காலையில்தான் பொன்மலைக்கு வந்திருந்தது. மாற்று ஆள் வரவில்லை. எஞ்சினையும் கார்டு பெட்டியையும் கழற்றி முனை மாற்றிப் பூட்டி, அரியலூர்ப் பக்கம் ஆலைக்கு இவரே கொண்டுபோக வேண்டுமாம்.

"இதோ வந்துடுவான்" என்றார் அவர் அம்மா. சற்று நேரம் கழித்து அதையே மறுபடியும் சொன்னார். பஜ்ஜி ஆறிக்கொண்டிருந்தது.

"பொண்ணு வீட்டுக்காரங்க மலையிலேருந்து எறங்கி வந்துட்டாங்க. இவன் பொன்மலையிலேருந்து வர முடியல" என்று மாமா கூரையைப் பார்த்துச் சொன்னார். கதிரின் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. என்னிடம் மெல்லக் கேட்டார்: "இதனாலயே ரெண்டு எடம் தட்டிப்போச்சு பாப்பா. நீயும் போயிடுவியா?"

நான் போனை எடுத்து ஒரு செய்தி அனுப்பினேன். "வண்டி ஸ்ரீரங்கம் வழியாகத்தானே போகிறது?"

உடனே பதில் வந்தது. "ஆமாங்க. நிக்காது."

நான் எழுந்தேன். "அவர் வர முடியலைன்னா என்ன, நாம போவோம்."

அப்படித்தான் ஒரு சம்படம் பஜ்ஜியோடு நாங்கள் ஐந்து பேரும் ரயில் நிலையத்துக்குப் போனோம். எல்லோருக்கும் பிளாட்பாரம் டிக்கெட் எடுத்தாள் சித்தி. எங்கே நிற்பது என்று நான்தான் முடிவு செய்தேன். நிலைய அதிகாரியின் அறைப் பக்கம் கூட்டமும் தூண்களுமாக இருந்தது. கொள்ளிடம் பக்கத்துக் கோடியில் மறைப்பே இல்லை. மூன்று நாள் பாடம் படித்த கர்வத்தோடு எல்லோரையும் அங்கே நடத்திப் போய் நிறுத்தினேன்.

எஞ்சின் வந்தது. காற்று எங்கள் புடவைகளை இழுத்தது. பிறகு பெட்டிகள். சுருள்கள் அழுந்தியிருந்தன, முழுச் சுமை. "இதெல்லாம் கவிழ்க்கிற தினுசு" என்று கத்திச் சொன்னேன். "இட்லியா?" என்று அம்மா கத்திக் கேட்டாள். மாமா முதலில் பெட்டிகளை எண்ணிப் பார்த்துவிட்டு, பஜ்ஜி சாப்பிட ஆரம்பித்தார். கதிரின் அம்மா மட்டும் புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு பெட்டி இடைவெளியிலும் மகனைத் தேடினார். இப்படியும் ஒரு வண்டி முடியாமல் இருக்குமா என்று எனக்கே படபடப்பாகிவிட்டது.

முடிந்தது. கடைசியில் அந்தச் சின்னப் பெட்டி. வாசற்படியில் ஒருவர் நிற்கிறார்; வெள்ளைச் சட்டை கரித்தூளில் சாம்பலாகியிருக்கிறது; கையில் பச்சைக் கொடி. எல்லாம் தெரிந்தது, முகத்தைத் தவிர. அவர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அந்தப் பக்கம் பார்த்துக் கொடி காட்டிக்கொண்டே போனார். கொள்ளிடம் பாலத்தின் சத்தத்துக்குள் வண்டி போய்விட்டது.

மாமா கையிலிருந்த பஜ்ஜியைச் சம்படத்திலேயே திரும்ப வைத்தார்.

"பொண்ணு பாக்க வான்னா முதுகைக் காட்டிட்டுப் போறான்!" என்றார் மாமா.

"கோயில்லயாவது பாதம் தெரிஞ்சுது" என்றாள் அம்மா.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கதிரின் அம்மா அரண்டுபோய் என்னைப் பார்க்க, அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். "அத்தை, தப்பு என்னோடது. இந்தப் பக்கம் கொடி காட்டறவர் அங்க நடுவுல ஆபீஸ் வாசல்ல நிக்கிறாரு. அவருக்குப் பதில் காட்டி முடிச்சதும் உங்க பையன் அந்தப் பக்க ஆளைப் பாக்கத் திரும்பணும். அதான் வேலை. நாம அங்க நின்னிருந்தா முகத்தைப் பாத்திருக்கலாம். நான் உங்களை முதுகு தெரியற எடத்துல கொண்டாந்து நிறுத்திட்டேன்."

அத்தை என்று கூப்பிட்டதை நான் கவனிக்கவில்லை. சித்தி கவனித்துவிட்டு அம்மாவை இடித்தாள்.

"அப்ப என்ன சொல்றே பாப்பா?" என்றார் கதிரின் அம்மா.

"அவர்கிட்ட முதல்ல சொல்றேன். எங்கேயாவது ஒதுக்கிப் போடாமலா இருப்பாங்க?"

சிமெண்டு பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து மீதி பஜ்ஜியைச் சாப்பிட்டோம். ஆறிப்போயிருந்தாலும் அன்றைக்கு அது நன்றாகத்தான் இருந்தது. கையைத் துடைப்பதற்குள் போன் அடித்தது. நான் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றேன்.

"லால்குடியில நிக்கிறேங்க" என்றார் கதிர். மூச்சு வாங்கியது. "வந்திருந்தீங்களா? ஸ்டேஷன் மாஸ்டர் பக்கத்துல தேடினேன், காணோம். சரி, கோவிச்சுக்கிட்டுப் போயிட்டீங்கன்னு நெனச்சேன்."

"கோடியில நின்னோம். உங்க முதுகைப் பாத்தோம்."

"ஐயோ!"

"கொடியை நேராத்தான் பிடிச்சிருந்தீங்க."

தூரத்தில் எஞ்சின் பெருமூச்சு விடுவது கேட்டது. காற்று பெட்டி பெட்டியாகக் கடந்து அவருடைய மீட்டர் வரை போய்ச் சேரும் நேரம் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு, சிக்னல் விழுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று அவசரமாகச் சொன்னேன்.

"என் பக்கம் சரிங்க. உங்க பக்கம் எப்படி?"

புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும், "இந்தப் பக்கமும் சரி" என்றார், மிக மெதுவாக.

பெஞ்சிலிருந்து நால்வரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தலையசைத்தேன்.

"சிக்னல் விழுந்துடுச்சா?" என்று கேட்டேன்.

"இல்லைங்க. இன்னும் ரெண்டு வண்டிக்கு வழி விடணும்" என்றார். "நிறைய நேரம் இருக்கு."